வீட்டைச் சுற்றிப் புதிதாகத் தோட்டம் போடுகிறோம். எதை எங்கே வைப்பது? வேலிக்கு என்ன செடி நல்லது?

எட்டு சென்ட் காலி இடம், சுற்றுச்சுவர் கட்டக் காசில்லை, செடியாலேயே வேலி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக இந்நேரம் நர்சரிக்குப் போய் மாங்கன்று வாங்கி வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். நட்ட மூன்றாம் நாள் பக்கத்துக் காட்டு (எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்போம்) வெள்ளாடு வந்து குச்சியை மட்டும் விட்டுவிட்டுப் போனது. அதனால் முதலில் வேலி, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம். இங்கே கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தை, சுற்றி முள் கிளுவைதான் வேலி. பழைய வேலியில் போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) வெட்டி நட்டாலே வந்துவிடும். 2017 கோடையில் ஒரு வண்டி போத்து இறக்கி, ஆள் விட்டு நட்டேன். தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும் பாதிக்கு மேல் துளிர்க்கவே இல்லை. ஒருநாள் ஆடு ஓட்டிக்கொண்டு போன ஆத்தா ஒருவர் நின்று பார்த்தார். ஒரு போத்தைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

"ஏங் கண்ணு, தலகீழா நட்டு வெச்சிருக்கறயே!"

தடித்த அடி மேலே, மெலிந்த நுனி மண்ணுக்குள். வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிவிட்டால் மாறாது என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். புரட்டாசியில் திரும்ப நட்டோம். ஐப்பசி மழைக்குப் பிடித்துக்கொண்டது.

இன்னொரு தப்பு, எல்லைக்கல்லை ஒட்டியே நட்டது. கிளுவை தடித்துப் பக்கத்துக் காட்டுக்குள் சாய்ந்தது. அந்தக் காட்டுக்காரர் ஒரே நாளில் அவர் பக்கத்தைச் சீவித் தள்ளிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கல்லிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நடுங்கள். உங்கள் இடம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 59 அடி வரும். வாசல் பக்கம் போக மற்ற மூன்று பக்கமும் மூன்றடி அகலம் விட்டால் வேலிக்கே ஒரு சென்டுக்கு மேல் போய்விடும். அதைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பிரிக்க வேண்டும்.

கம்பிவேலி ஒரே நாளில் முடியுமே என்பார்கள். காசிருப்பவர்கள் போடட்டும். சின்னக் குழந்தைகள் இருந்தால் முள் வேண்டாம், ஆடாதொடை வையுங்கள். ஆடு தொடாது, பேரிலேயே இருக்கிறது.

மரங்களை மேற்கே வையுங்கள், சாயங்கால வெயில் வீட்டில் அடிக்காது. காய்கறிப் பாத்தி கிழக்கிலோ தெற்கிலோ இருக்கட்டும். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் வாழை. முருங்கையை மட்டும் வீட்டை ஒட்டி வைக்காதீர்கள்; ஆடிக் காற்றில் முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி சுவரேறும். வாஸ்து பார்க்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம், நான் வெயிலையும் காற்றையும் பார்த்துத்தான் சொல்கிறேன். மயிலுக்கு எந்த வேலியும் கிடையாது. தக்காளி நாற்றுக்கு வலை கட்டியே தீர வேண்டும்.

தண்ணீரைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பாகம் பிரித்தபோது கிணறு மூத்தவனுக்கு என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அண்ணன் இப்போது அதில் குப்பை கொட்டுகிறார், நான் லாரித் தண்ணீர் வாங்குகிறேன். அண்ணி இந்த இணையதளத்தில்தான் இருக்கிறார். படிக்கட்டும்.