நாற்பது வயதுக்கு மேல் இளையர் நாவல் படிப்பது தவறா? வீட்டில் கேலி செய்கிறார்கள்

கேலி செய்வது உங்கள் கணவராக இருக்கும், இல்லையென்றால் கல்லூரிக்குப் போகும் பிள்ளை. என் வீட்டில் அக்கா. "இந்த வயசுல என்னடி பள்ளிக்கூடப் பிள்ளைங்க கதை?" என்பார். எனக்கு 52 ஆகிறது. இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இலக்கியம் தெரியாதவள் பேசுகிறாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அட்டை பிய்ந்துபோகும் அளவுக்குப் படித்த தடித்தடி தமிழ் நாவல்களும் என் அலமாரியில் உண்டு.

1988இல் நான் சிங்கப்பூரில் உயர்நிலை மூன்று படித்துக்கொண்டிருந்தேன். ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் செங்கல் நூலகம் இருந்ததே (2004இல் மூடி, சுரங்கச்சாலைக்காக இடித்தார்களே, அதேதான்), அங்கிருந்து 'தி அவுட்சைடர்ஸ்' எடுத்து வந்தேன். 1967இல் வந்த ஆங்கில இளையர் நாவல். வெளிவந்தபோது எழுதிய பெண்ணுக்கே வயது 18தான். அப்பா புரட்டிப் பார்த்தார். தெருச்சண்டை, கத்தி, சிகரெட். "இதைப் படிச்சா உருப்பட்ட மாதிரிதான்" என்று மறுநாளே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். தமிழ் முரசு தாளில் அட்டை போட்டு, பாடப் புத்தகம் மாதிரி மடியில் வைத்துப் படித்து முடித்தேன்.

அப்புறம் வேலை, கல்யாணம், ஒரு பையன். அந்தப் பக்கமே போகவில்லை.

2018இல் அவன் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவச் சேவைக்குப் போனான். பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவில் கொண்டுபோய் விட்டால் முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் அறையில் போய் உட்கார்ந்தேன். பலமுறை படித்துத் தொளதொளத்துப்போன ஒரு இளையர் நாவல் கிடந்தது. பள்ளியில் ஒரு பையனை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை, அவன் வீட்டில் மூச்சு விடுவதில்லை. கதை அவ்வளவுதான். இரண்டு இரவில் முடித்துவிட்டேன். கதையில் அவன் அம்மா நாலு பக்கம்கூட வரமாட்டாள், எனக்கோ கோபம் முழுக்க அவள்மேல்தான்.

மகன் விடுப்பில் வந்தான். சாப்பிடும்போது, "அந்தப் பையன் ஏன்டா அவங்க அம்மாகிட்ட சொல்லவே இல்ல?" என்று கேட்டேன். தட்டைப் பார்த்தபடியே, "சொன்னா நீங்க ஸ்கூலுக்கு வந்து சத்தம் போடுவீங்க" என்றான்.

நான் கேட்டது கதையில் வரும் அம்மாவைப் பற்றி.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். உயர்நிலை இரண்டில் ஆண்டு முழுக்க இடைவேளையில் கேன்டீன் பக்கமே போகவில்லையாம். கூட உட்கார ஆள் இல்லை. பள்ளி நூலகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறான். அந்த வருடத் தீபாவளிக்கு வந்தவர்களிடமெல்லாம், "எங்க பையன் எப்பப் பாரு லைப்ரரிதான், அப்படியே என்னை மாதிரி" என்று நான் பீற்றிக்கொண்டிருந்தேன்.

இளையர் நாவல் படித்தால் பிள்ளை மனம் புரிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கே ஐந்து வருடம் தாமதமாகத்தான் தெரிந்தது. எல்லாமே நல்ல நாவல்களும் அல்ல. உலகம் அழிந்து மூன்று பாகம் ஓடுகிற வகை எனக்கு ஒத்துவருவதில்லை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். தமிழில் இந்த வயதுக்கு எங்கே புத்தகம்? நூலகத் தமிழ் அடுக்கில் என் கண்ணில் படுவது பேசும் முயலும் நரியும், அதைத் தாண்டினால் நேரே மாமியார் மருமகள். பதினாலு வயதுப் பிள்ளை எதை எடுக்கும்? ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழா, "பிள்ளைகள் தமிழ் படிப்பதில்லை" என்று மேடைக்கு மேடை கவலை. அந்த மேடையில் பிள்ளை ஒப்பிக்கும் பேச்சை எழுதியது அம்மாவாக இருக்கும். நானும் எழுதிக் கொடுத்தவள்தான், மறைக்கவில்லை.

சரி, உங்கள் விஷயம். கேலி செய்வது பிள்ளை என்றால், அடுத்த நாவலை அவன் அலமாரியிலிருந்தே எடுங்கள். கேட்டுவிட்டு எடுங்கள். நான் கேட்காமல் எடுத்தேன், மீன்குழம்புக் கறை வேறு பட்டுவிட்டது. அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.