மார்க்கோவ்னிகாவ் விதியை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

பிளஸ் ஒன் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஆல்கீனுடன் (இரண்டு கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு உள்ள சேர்மம்) ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது புரோமின் எந்தக் கார்பனுக்குப் போகும், பெராக்சைடு (ஆக்சிஜன்-ஆக்சிஜன் பிணைப்பு உள்ள சேர்மம்) இருந்தால் ஏன் இடம் மாறுகிறது?

மேற்கு மாம்பலத்தில் மாலை நேரத்தில் வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். வருஷா வருஷம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். விதியை "ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன்" என்று ஒப்பிப்பார்கள். பெராக்சைடு என்றதும் "அப்படியே உல்டா சார்" என்பார்கள். இரண்டையும் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். இரட்டைப் பிணைப்பில் முதலில் வந்து ஒட்டுவது யார் என்று மட்டும் பாருங்கள்.

புரோப்பீனை எடுத்துக்கொள்வோம்: மூன்று கார்பன், ஓரக் கார்பனுக்கும் நடுக் கார்பனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு. சாதாரணமாக முதலில் வருவது ஹைட்ரஜன் அயனி. அது ஓரக் கார்பனில் ஒட்டினால் நேர்மின்சுமை நடுக் கார்பனுக்கு வரும். அதற்கு இருபக்கமும் மெத்தில் தொகுதிகள் எலக்ட்ரானைத் தள்ளிக் கொடுப்பதால் அது ஓரளவு நிலைத்து நிற்கும். அப்புறம் புரோமைடு அங்கே வந்து சேர, 2-புரோமோபுரோப்பேன் கிடைக்கிறது.

பெராக்சைடு இருந்தால் முதலில் வருவது புரோமின் தனி உறுப்பு, அதாவது இணையில்லாத எலக்ட்ரான் உள்ள புரோமின் அணு. அதுவும் ஓரத்தில்தான் ஒட்டுகிறது, காரணமும் ஏறக்குறைய அதேதான்: இணையில்லாத எலக்ட்ரான் நடுக் கார்பனில் இருந்தால்தான் நிலைப்புத்தன்மை அதிகம். ஹைட்ரஜன் பிறகு வருகிறது. விடை 1-புரோமோபுரோப்பேன். உல்டா ஆனது வரிசை மட்டும்தான். ஹைட்ரஜன் குளோரைடில் இது நடக்காது. அதன் பிணைப்பு ஆற்றல் மோலுக்குச் சுமார் 431 கிலோஜூல்; கார்பன் தனி உறுப்பால் அதிலிருந்து ஹைட்ரஜனை எளிதில் பிடுங்க முடியாது.

மார்க்கோவ்னிகாவ் விதியைச் சொன்னது 1869-70-இல். பெராக்சைடின் வேலையைக் கராஷும் மேயோவும் 1933-இல்தான் கண்டுபிடித்தார்கள். அல்லைல் புரோமைடை வைத்துச் செய்த சோதனைகளில் முடிவு மாறி மாறி வந்தது. காற்றுபட்டு அதில் உருவான பெராக்சைடுதான் காரணம் என்று விடாமல் தேடிப் பிடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

போன மாதம் ஒரு மாணவிக்குப் பலகையில் 3,3,3-டிரைஃபுளோரோபுரோப்பீன் எழுதிக் கொடுத்து ஹைட்ரஜன் குளோரைடு சேர்க்கச் சொன்னேன். விதிப்படி குளோரினை நடுவில் போட்டாள். "நேர்மின்சுமையை வரைந்து காட்டும்மா" என்றேன். வரைந்தாள். பக்கத்திலேயே மூன்று ஃபுளோரின் எலக்ட்ரானை இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் டஸ்டரை எடுத்து அழித்துவிட்டு, குளோரினை ஓரக் கார்பனுக்கு மாற்றினாள். சரியான விடை. மனப்பாடம் இங்கே கைவிட்டுவிடும்.

வீட்டில் ஒன்று போட்டுப் பாருங்கள்: புரோப்பீனுடன் குளோரினும் தண்ணீரும். மணலியில் புரொப்பிலீன் ஆக்சைடு தயாரிப்பதன் முதல் படி இதுதான். முதலில் ஒட்டுவது குளோரின். அப்படியானால் ஹைட்ராக்சில் பெரும்பாலும் எந்தக் கார்பனில் இருக்கும்? கமெண்டில் எழுதுங்கள், பார்க்கிறேன்.