கோதுமை வயலின் நடுவே

அன்புள்ள அக்கா,

போன மாதம் முதன்முறையாக ஒரு நடைக்குழுவோடு போனேன். ஹாசக்ஸ் ரயில் நிலையத்தில் கூடி, தென் இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் குன்றுகளில் ஏறி, பிரைட்டன் வரை கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர். பதினான்கு பேர், நல்ல வெயில். ஓரிடத்தில் பாதை, விளைந்து நின்ற கோதுமைக்கு நடுவே போனது. எனக்குக் கால் கூசியது. பயிரை மிதிக்க வேண்டாமென்று ஓரமாகச் சுற்றிப் போனேன். வழிநடத்தியவர் நடுவே வரச்சொல்லிக் கூப்பிட்டார். அடுத்தவர் நிலத்தில் இவ்வளவு உரிமையாக நடக்கிறார்களே என்று வருத்தமாக இருந்தது. ஏற்றத்தில் நான் பின்தங்கினேன். ஒவ்வொரு வேலிக் கதவிலும் எனக்காக எல்லோரும் காத்து நின்றது இன்னும் கூச்சம். மதியம் ஒரு வெள்ளை மண்டபத்தின் அருகே சாப்பிட்டோம். கோயிலுக்குப் பாதயாத்திரை போவது புரிகிறது. இவர்கள் எதற்காக நடக்கிறார்கள்? மறுபடி போக வேண்டுமா என்று தெரியவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வயலின் ஓரமாக நடந்தீர்களே, அப்போதுதான் அத்துமீறினீர்கள். நடுவே போனவர்கள் பாதையில் போனார்கள்.

அது விவசாயி தயவு பார்த்து விட்ட வழி இல்லை. நிலம் அவருடையது, அதன்மேல் நடக்கும் உரிமை எல்லோருடையது. குறுக்கே போகும் பாதையை அவர் உழுது விதைக்கலாம். ஆனால் பதினான்கு நாளுக்குள் மறுபடி நடக்கும்படி சீராக்கித் தர வேண்டும், குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குப் பயிர் மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நீங்கள் மிதிக்கத் தயங்கிய கோடு, மிதிப்பதற்காகவே விடப்பட்டது. யாரும் மிதிக்காத பாதையில் முதலில் புல் வரும், பிறகு முள் வரும், பிறகு இங்கே பாதை இருந்ததா என்று கேட்பார்கள்.

இந்த வழிகள் பிறந்த விதம் எனக்குத் தீராத வியப்பு. ஒரு தடத்தில் மக்கள் 20 ஆண்டுகள் தொடர்ந்து நடந்திருக்க வேண்டும். ஒளிந்து நடந்திருக்கக் கூடாது, வம்பு செய்து நுழைந்திருக்கக் கூடாது, அனுமதி வாங்கியும் நடந்திருக்கக் கூடாது. நிலத்துக்காரர் அதைப் பொதுவழியாக விட எண்ணவில்லை என்பதற்குச் சான்று இல்லையென்றால், அது பொதுவழி ஆகிவிடும். கேட்டு நடந்தால் சலுகை, கேட்காமல் நடந்தால் உரிமை! உங்கள் கூச்சத்தை நான் குறை சொல்லவில்லை. வந்த புதிதில் நானும் வேலியோரம் ஒதுங்கித்தான் நடந்தேன். ஆனால் அந்தக் கூச்சத்தை இங்கே இறக்கி வைத்துவிடலாம்.

எல்லா இடத்திலும் இது எளிதாகக் கிடைக்கவில்லை. வடக்கே கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலம் சுட்டு வேட்டையாடுவதற்கான பறவைகளுக்காகப் பூட்டிக் கிடந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர் கூட்டமாக ஏறினார்கள். பெரும்பாலும் தொழிலாளி இளைஞர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் காற்று வாங்கக் கிடைத்தவர்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். பொதுவழிகளையெல்லாம் வரைபடத்தில் ஏற்றச் சொன்ன சட்டம் 1949இல் வந்தது. மேட்டுநிலங்களில் தடையின்றி உலவும் உரிமைக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எதற்காக நடக்கிறார்கள் என்று கேட்டீர்கள். அவரவருக்கு ஒரு காரணம் இருக்கும். வானம்பாடி, காட்டுத் தைம் செடியின் வாசனை, முடிவில் ஒரு தேநீர். ஆனால் நடப்பதாலேயே அந்த வழி திறந்திருக்கிறது என்பது எனக்குப் போதுமான காரணம்.

உங்களுக்காகக் காத்து நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னால் ஒருவர் வழி காட்டுவார், கடைசியாக ஒருவர் வருவார். அந்தக் கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. கதவுகளில் நின்று தலை எண்ணுவது அதற்காகத்தான். அதில் நீங்கள் யாருக்கும் பாரம் இல்லை.

அந்த வெள்ளை மண்டபத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், அதுதான் எனக்கு வருத்தம். அதன் பெயர் சத்ரி. முதல் உலகப்போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்குப் பிரைட்டன் அரண்மனையையே மருத்துவமனை ஆக்கியிருந்தார்கள். பிரைட்டனின் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை இந்தக் குன்றுக்குக் கொண்டுவந்து எரித்தார்கள். சிதை எரிந்த மேடைகளின்மேல் இப்போது மூன்று கருங்கல் பலகைகள் கிடக்கின்றன. அதற்குமேல் எட்டுத் தூண்களும் ஒரு குவிமாடமும், எல்லாம் பளிங்கு. 1921 பிப்ரவரியில் திறந்தார்கள். பக்கத்திலேயே 2010இல் வைத்த கல்லில் அந்த 53 பேரின் பெயர்கள் இருக்கின்றன. மண்டபம் வரை வண்டி போகும் சாலை கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் அஞ்சலிக்கு வருகிறவர்களும் அந்தக் குன்றுப்பாதையில்தான் வருகிறார்கள்.

மறுபடி போங்கள். சுண்ணாம்புக் குன்று என்பதால் மழைநீர் நிற்காமல் உள்ளே இறங்கிவிடும், வழியில் ஓடை பார்க்க முடியாது. நிழலும் குறைவு. இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சத்ரிக்கு வரும்போது சாப்பாட்டுப் பையைத் திறப்பதற்கு முன் அந்தப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்.