வீட்டுப் பெரியவர்களிடம் ஆன்லைன் மோசடி பற்றிப் பேசினாலே சண்டையாகிறது. எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

நானும் சண்டை போட்டுத் தோற்றவன்தான். அந்தக் கதையையே சொல்கிறேன்.

காசிமேட்டில் என் சித்தப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். வலையைச் சரிபார்த்த நேரம் போக மீதி எல்லாம் போனோடுதான். அப்படி ஒருநாள் 'இலவச ரீசார்ஜ்' லிங்க் ஒன்றைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டார். நான் உடனே, "டுபாக்கூர். படிச்சுப் பாத்துட்டு ஃபார்வேர்டு பண்ணுங்க" என்று எழுதி இரண்டு சிரிப்பு ஸ்மைலியும் போட்டேன். தம்பி, மச்சான் எல்லாரும் ஆளுக்கொரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போனார்கள். சித்தப்பா ஒன்றும் எழுதவில்லை.

பத்து நாள் கழித்து அவருக்கு ஒரு போன். தடைக்கால நிவாரணம் வரவேண்டும், ஆனால் உங்கள் அக்கவுண்டில் கேஒய்சி (பாங்கு நம் அடையாளத்தைச் சரிபார்ப்பது) முடியவில்லை, ஒரு ஆப் அனுப்புகிறோம், போட்டுக்கொள்ளுங்கள் என்று பேசியிருக்கிறான். வாட்ஸப்பில் வந்த ஏபிகே ஃபைல், அதாவது ப்ளே ஸ்டோர் வழியாக வராமல் நேராகப் போனில் போடும் ஆப். அதைப் போட்டு, கேட்ட அனுமதிக்கெல்லாம் சரி கொடுத்துவிட்டால் நமக்கு வரும் எஸ்எம்எஸ் அவனுக்கும் போகும். ஓடிபியை நம் வாயிலிருந்து கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சாயங்காலம் ஏழரை மணிக்கு 18,000 ரூபாய் போய்விட்டது.

எனக்குத் தெரிந்தது மறுநாள் பத்து மணிக்கு, அதுவும் சித்தி சொல்லி. ஆன்லைன் மோசடிக்கான அரசு ஹெல்ப்லைன் 1930-க்கு அடித்தோம். ஹெல்ப்லைன் என்பது பெரிய மந்திரம் இல்லை. திருடன் அந்தப் பணத்தை ஒரு அக்கவுண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிக்கொண்டே போவான், அவன் எடுப்பதற்குள் ஏதாவது ஒரு இடத்தில் நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். எங்களுக்கு ஏழாயிரம் சொச்சம் மாட்டியது. மீதி ராத்திரியே கைமாறிவிட்டது.

ஏன் உடனே சொல்லவில்லை என்று கத்த வாயெடுத்தேன். எங்கள் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். அன்று சாயங்காலம் துறைமுகத்துப் பக்கம் போய் சித்தப்பாவோடு உட்கார்ந்தேன். வலை பின்னும் ஊசியில் நைலான் நரம்பைச் சுற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீதான் படிச்சவனாச்சே. நான் படிக்காதவன்னு எல்லார் எதிர்லயும் போட்ட. உங்கிட்ட வந்து இன்னான்னு சொல்றது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெசேஜைப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்றுதான் நான் எழுதினேன். நாலாவதோடு நின்றவர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது. 'நான் அந்த அர்த்தத்துல சொல்லல' என்று ஆரம்பித்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். "அதுவா சித்தப்பா ராத்திரி முழுக்க மனசுல ஓடிச்சு?" என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பிறகுதான் முழுசும் வந்தது. போன வருஷம் நிஜமாகவே கேஒய்சி முடியாமல் அவர் அக்கவுண்டு நின்றுபோய், பாங்குக்கு மூன்று நடை நடந்திருக்கிறார். அதனால்தான் அந்தப் போனை நம்பினார். ஏமாளி என்பதால் இல்லை. இன்னொன்றும் சொன்னார்: "அவன் அரை மணி நேரம் அய்யா அய்யான்னு பொறுமையா பேசுனான்டா." நான் அவரிடம் அப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று என்று யோசித்தால் எனக்கே பதில் இல்லை.

அதனால் இப்போது யாரையும் குரூப்பில் திருத்துவதில்லை, தனியாகப் போன் போடுகிறேன். 'ஏன் பண்ணீங்க' என்பதற்குப் பதில் 'அவன் இன்னா சொன்னான்' என்று கேட்டால் கதை தானாக வரும். மோசடிக்காரன் சொல்லும் முதல் விஷயமே 'வீட்டில் யாரிடமும் சொல்லாதே' என்பதுதான். போலீஸ் என்று சொல்லிக்கொண்டு 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ காலில் மிரட்டுகிறார்களே, அங்கேயும் இதுதான் (அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது). நாம் திட்டுவோம் என்ற பயம் அவன் வேலையைச் சுலபமாக்குகிறது.

இந்தத் தாமதத்துக்குக் காசுக்கணக்கும் உண்டு. 2017-ல் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கைப்படி, நம் கவனக்குறைவால் போனது என்றால் பாங்குக்குச் சொல்கிற வரைக்கும் ஆகும் நஷ்டம் நம் தலையில், சொன்னதற்கு அப்புறம் ஆவது பாங்கின் தலையில். எனவே பணம் போனதும் அந்தப் போனில் நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து 1930-க்கும் பாங்குக்கும் அடிக்க வேண்டும். பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் மூன்றும் கையில் இருக்கட்டும். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை என்பதை மட்டும் சித்தி பாடமாகவே வைத்திருக்கிறார், மீன் கூடையோடு உட்கார்ந்து பக்கத்துக் கடைக்காரிகளுக்கும் சொல்கிறார்.

அம்மாவோடுதான் இன்னும் முடியவில்லை. வேறு யாரும் அவர் வாட்ஸப்பைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஆறு இலக்க பின் போட்டுக்கொள்ளச் சொன்னால், "அதை வேற யாரு ஞாபகம் வெச்சிக்கறது?" என்கிறார். நியாயமான கேள்விதான். இந்த ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார வேண்டும்.