மகள் ‘கை நரம்பு ஆராய்ச்சி’ என்கிறாள், விடலாமா?

பல்லடம் பக்கம் தறி ஓட்டும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகள், மெஷினில் கை அறுபட்ட தாய்மாமனுக்கு நடந்த சிகிச்சையைக் கூடவே இருந்து பார்த்தவள். கை அறுவை டாக்டராகி நரம்பைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொல்கிறாளாம். “டாக்டருன்னா சரிங்க, ஆராய்ச்சின்னா சோறு போடுமாங்க?”

போடுங்க. ஆராய்ச்சி என்றதும் நோயாளிகளை விட்டுவிட்டு ஏதோ ஆய்வகத்தில் உட்கார்ந்துவிடுவாள் என்று பயப்படுகிறீர்கள். இந்தத் துறையில் பெரும்பாலும் அறுவை செய்கிறவரே ஆராய்கிறவரும். எந்த விரல் எவ்வளவு மடங்குகிறது, எங்கே உணர்ச்சி திரும்பியது என்று ஒவ்வொரு கையையும் வருடக்கணக்கில் குறித்து வைத்து, எந்த முறை பலன் தந்தது என்று எழுதுவார். வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் 1940களின் கடைசியில் தொடங்கியதும் இப்படித்தான். தொழுநோயில் நரம்பு கெட்டு மடங்கிப்போன விரல்களை, தசைநாணை (தசையை எலும்போடு கட்டும் நாரை) இடம் மாற்றி வைத்து நிமிர்த்தினார். உங்களுக்குப் பக்கத்திலேயே, கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசபாபதி வளர்த்த பிரிவுக்கு வெளிநாட்டு டாக்டர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். தறி, நூற்பாலை, பவுண்டரி, சோளத்தட்டு வெட்டும் மெஷின் என்று கையைக் கடிக்கும் தொழில்கள் நம் பக்கம் ஏராளம். அந்த வேதனையில்தான் இங்கே இந்த அனுபவமும் சேர்ந்தது.

சம்பாத்தியத்தைவிட, மகளுக்குப் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள். தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு உடனே ஓட்டிவிடலாம். நரம்பை மைக்ராஸ்கோப்பின் கீழ் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்தாலும், அறுபட்ட இடத்துக்குக் கீழே உள்ள இழைகள் சிதைந்துதான் போகும். இங்கிலாந்து மருத்துவர் அகஸ்டஸ் வாலர் 1850இலேயே இதைக் கண்டு சொன்னார். மேலிருந்து புது இழை நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டில் அறுந்தால் விரல்நுனியில் உணர்ச்சி வர ஆறு மாதமாவது ஆகும். தோள்பக்கம் அறுந்தால் சிக்கல் பெரிது: ஒன்றரை வருடம் நரம்புத் தொடர்பு இல்லாமல் கிடந்த தசை, அப்புறம் நரம்பு வந்து சேர்ந்தாலும் பெரும்பாலும் அசையாது. அதனால்தான் பக்கத்தில் நன்றாக வேலை செய்யும் நரம்பில் ஒரு சிறு பங்கைப் பிரித்து, செயலிழந்த தசைக்கு இணைக்கிறார்கள். முழங்கையை மடக்கவைக்க பிரான்சின் அறுவை டாக்டர் ஒபர்லின் 1994இல் வெளியிட்ட முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அறுந்த முனைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் காலிலிருந்து நரம்பு எடுத்து வைக்கிறார்கள். அதற்குப் பதிலாக, நரம்பு உள்ளே வளர்ந்து இடைவெளியைக் கடக்கும்படி வைக்கும் செயற்கைக் குழாய் எந்த அளவுக்கு உதவும் என்பது இன்னும் ஆராயும் விஷயம். இன்று செய்த அறுவையின் பலனை அடுத்த வருடம் பார்க்கும் வேலை இது. இதைக் கேட்டும் அம்மிணிக்கு ஆர்வம் குறையவில்லை என்றால் தடுக்காதீர்கள்.

காலக்கணக்கு: எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.எஸ். மூன்று, அப்புறம் எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி மூன்று. எலும்பு அறுவையில் எம்.எஸ். முடித்து, கை அறுவைக்கென்று தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டு வருட எஃப்.என்.பி. பயிற்சிக்கும் போகலாம். எங்கும் தடங்கல் இல்லாவிட்டாலும் முப்பது வயது ஆகிவிடும். எம்.எஸ். காலத்திலேயே உதவித்தொகை வரும், முழுக்க உங்கள் தலையில் விழாது. எந்த வழியில் போவது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டியதும் இல்லை. பலர் எம்.பி.பி.எஸ். பயிற்சி வருடத்தில்தான் மனதை மாற்றுகிறார்கள், அது தப்பில்லை.

நீட்டில் இடம் கிடைக்காவிட்டால்? ஒரு முறை மறுபடி எழுதட்டும். மூன்றாவது முறை என்றால் நான் யோசிப்பேன். இதே துறைக்கு வேறு வழிகளும் உண்டு. அறுவை முடிந்த கையை மறுபடி வேலை செய்யப் பழக்குவது பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி படித்தவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் டாக்டர் போட்ட தையல் பாதிப் பலன்கூடத் தராது. நரம்புக் குழாய் மாதிரியான வேலையில் ஆசை என்றால் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் இருக்கிறது. அதில் சேரப் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும், அவள் எடுத்திருக்கும் பாடப்பிரிவைப் பாருங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவளா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் 2020 முதல் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. தோட்டத்தை விற்று மேனேஜ்மென்ட் சீட் வாங்கும் யோசனை இருந்தால் இப்போதைக்கு வேண்டாங்க. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் இன்னும் இரண்டு நுழைவுத் தேர்வு பாக்கி இருக்கிறது, அங்கேயும் பணம் தேவைப்படலாம்.