தொட்டிக் கறிவேப்பிலையும் ஏழு வயதுப் பிள்ளையும்

கேள்வி: சென்னையில் நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். ஏழு வயது மகன் கைபேசியை விட்டு நிமிர்வதே இல்லை. அவனுக்கு இயற்கையின் மீது ஈடுபாடு வர, மாதம் ஒருமுறை காட்டுப் பகுதிக்கு அழைத்துச் சென்றால் போதுமா?

பதில்: அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அதற்கு முன்பே பால்கனியில் கறிவேப்பிலைச் செடி ஒன்றும், இடமிருந்தால் எலுமிச்சைக் கன்று ஒன்றும் தொட்டியில் வையுங்கள். அவற்றுக்கு எந்தப் பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள். மாதத்தில் ஒரு நாள் போய் வரும் காட்டில் பிள்ளை விருந்தாளிதான். பள்ளிக்குக் கிளம்பும் முன் தினமும் எட்டிப் பார்க்க வீட்டிலேயே ஓர் உயிர் இருந்தால், அதன் மேல் உரிமையும் கவலையும் தாமாகவே வரும். காடு தேவையில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பூச்சியியல் படித்தவளும் அல்ல. எங்கள் மூன்றாவது மாடி வீட்டில் மகளோடு சேர்ந்து இதைப் பார்த்து வருகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இந்தக் குடும்பத்துச் செடிகளின் இலைகளைத் தின்றுதான் வளர்கின்றன. தாய்ப்பூச்சி முன்கால்களால் இலையைத் தட்டிப் பார்த்து, தன் குஞ்சுகளுக்கு ஏற்ற செடிதான் என்று உறுதிசெய்துகொண்டு, குண்டூசித் தலையளவு வெளிர்மஞ்சள் முட்டையைக் கொழுந்தில் ஒட்டிவிட்டுப் பறந்துவிடும். பொரிந்து வரும் புழு கருப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலவே இருப்பதால், இலையின் மேற்புறத்தில் வெட்டவெளியில் கிடந்தும் பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. என் மகள் அதைக் காக்கை எச்சம் என்று எண்ணித் துடைப்பதற்குத் துணியோடு போனாள். எச்சம் நகர்ந்ததைக் கண்டு அவள் போட்ட சத்தத்தில் நாங்கள் எல்லோரும் பால்கனிக்கு ஓடினோம்.

பெரிதானதும் புழு பச்சையாகிவிடும். அதைத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த, இரட்டைக் கிளையுள்ள கொம்பு ஒன்று வெளியே நீண்டு, காரமான வாடை வீசும். மறுபடியும் தொடப் போன மகளிடம், அது பயந்துபோய்த்தான் அப்படிச் செய்கிறது என்றேன். அன்று முதல் அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்க்கிறாள்.

என் மாமியாருக்கு இதில் முதலில் சம்மதமில்லை. தாளிக்க வளர்க்கும் செடியைப் புழுவுக்குக் கொடுப்பதா என்று கேட்டார். ஊரில் எலுமிச்சங்கன்றிலிருந்து இவற்றைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுவார்களாம். அவர் சொன்னது நியாயம் என்பதால், சமையலுக்கு ஒரு தொட்டி, புழுக்களுக்கு ஒரு தொட்டி என்று பிரித்துவிட்டோம்.

எல்லாக் கூட்டுப்புழுவும் வண்ணத்துப்பூச்சி ஆகிவிடாது. ஒருமுறை கூட்டில் ஊசித்துளை போல ஓட்டை விழுந்து, உள்ளேயிருந்து மிகச் சிறிய குளவிகள் வரிசையாக வெளியே வந்தன. மகள் அழுதாள். சிறு பிள்ளைக்கு இதையெல்லாம் காட்டலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இதை மறைத்து அழகை மட்டும் காட்டுவது பாதி உண்மை என்பது என் கருத்து. அந்தக் குளவி தன் குஞ்சுகளை வளர்க்கும் வழி அதுதான் என்று அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, குளவிக்கும் ஒரு செடி வைக்க வேண்டுமா என்று கேட்டாள்.

பள்ளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை வரைந்து வரச் சொன்னார்கள். குட்டிப் புழுவைத் தான் கண்டபடியே கருப்பு வெள்ளையில் தீட்டிக்கொண்டு போனாள். புத்தகத்தில் பச்சை நிறம் என்று மதிப்பெண்ணைக் குறைத்து, கடையில் விற்கும் அச்சுப் படத்தை வாங்கி ஒட்டி வரும்படி சொல்லி அனுப்பினார்கள். கண்ணால் கண்டதைத் தவறு என்று கற்றுக்கொடுத்தால், பிள்ளை எதற்காகக் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கும்? இந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நீங்கள் தொடங்குவதானால் சில விஷயங்களை மனத்தில் வையுங்கள். மேற்சொன்ன புழுக்களுக்கு அரிக்கும் ரோமம் இல்லை. ஆனால் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி உடம்பில் பட்டால் தடித்துவிடும் என்பதால், ரோமமுள்ள எதையும் தொடக்கூடாது என்று மகனுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். நர்சரியில் வாங்கும் செடிக்கு மருந்து அடித்திருக்கக்கூடும். வாங்கி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டுப் புதுக்கொழுந்து வரும்வரை பொறுத்திருங்கள். முட்டையிடும் பூச்சி தேடி வருவதும் அந்தக் கொழுந்தைத்தான்.