தூக்கம் குறைந்தால் அல்சைமர் வருமா?

பல வருடமாக ஐந்து மணி நேரத்துக்கு மேல் தூங்குவதில்லை, பின்னாளில் அல்சைமர் வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் தொடர்பு இருக்கிறது.

மூளை செல்கள் வேலை செய்யும்போது பீட்டா அமிலாய்டு என்ற புரதத் துணுக்கு வெளியாகிறது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படிந்து கிடப்பதில் முக்கியமானது இதுதான். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 20 பேரை இரவு முழுக்க விழித்திருக்கச் செய்து, மூளையில் அமிலாய்டு எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். நினைவாற்றலுக்குப் பொறுப்பான ஹிப்போகேம்பஸில் அமிலாய்டு கூடியிருந்தது. ஒரே இரவில்! அதற்காக ஓர் இரவு கண்விழித்தால் நோய் என்று பதற வேண்டாம்.

தூக்கத்தில்தான் மூளை இந்தக் கழிவை வேகமாக அலசி வெளியேற்றுகிறது என்று 2013-ல் எலிகளில் காட்டினார்கள். 2024-ல் இன்னொரு எலி ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

மனிதர்களைப் பொறுத்தவரை, பிரிட்டனில் அரசு ஊழியர்கள் சுமார் 8,000 பேரை 25 வருடம் கவனித்தார்கள். 50 வயது முதல் 70 வரை தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் மங்கிப்போகும் நிலை, அல்சைமர் இதில் ஒரு வகை) ஆபத்து சுமார் 30% அதிகம். சரி, எது காரணம், எது விளைவு? அல்சைமர், மறதி தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூளையில் தொடங்கிவிடும். தூக்கத்தைக் கெடுப்பது அதுவாகவும் இருக்கலாம். நடுவயதிலேயே தூக்கத்தை அளந்ததால் இந்த ஆய்வை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புகிறேன்.

அப்புறம், பலத்த குறட்டையோடு நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் அது ஸ்லீப் ஆப்னியா என்ற தூக்கக் கோளாறாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, முதலில் அதைப் பரிசோதியுங்கள்.